கிளிக்குப் பூச்சி மருந்து

நாலு மணிக்குப் போலீஸ் வருவதாக ஏற்பாடு. மணி ஒன்று இருபதுக்கு அந்தப் பிராணிகள் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்கு முன்னால் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

“பேர்?” என்றாள் மேஜைக்காரி, எழுதிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து நிமிராமல்.

“மைனா.”

“பறவை வார்டு இடது பக்கம். கூண்டு எங்க?”

“நான்தான் மைனா.”

மேஜைக்காரி இப்போது நிமிர்ந்தாள். “உங்களுக்கு என்ன தொந்தரவு?”

“வாய்,” என்றாள் பக்கத்தில் நின்ற அண்ணி. “அதுக்கு வைத்தியம் இல்லன்னு எங்களுக்கே தெரியும். டைரக்டரைப் பார்க்கணும்.”

மைனா என்பது வீட்டில் வைத்த பெயர். பேச்சு நிற்காது என்பதால் வைத்தது. பதினோரு வருடம் வாஷிங் மெஷின் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்து, மெஷினே தேவைப்படாதவர்களுக்கு இரண்டு மெஷின் விற்ற வாய் அது. அண்ணி அவளுடைய அண்ணன் மனைவி. ஐம்பதைத் தாண்டியவள். இருபத்திரண்டு வருடம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், அடுத்தவர்கள் எழுதிய புரோகிராம்களில் தப்புக் கண்டுபிடிப்பதே உத்தியோகம். வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. வீட்டு முன்னறையில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியபோது, அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“என்னைப் பத்தி ஏதாவது கண்டுபிடிக்கப் போறியா?”

“அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது,” என்றாள் அண்ணி.

அந்த முன்னறையில்தான் இன்று காலை பூனை வார்டு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். ஒன்பது வருடம் இந்த ஆஸ்பத்திரியில் வேலை. பதினோரு நாளைக்கு முன்னால் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். மயக்க மருந்து திருடியதாகக் குற்றச்சாட்டு. இன்று மாலை போலீஸில் ஒப்படைக்கப் போகிறார்கள்.

அவள் அழவில்லை. ஒரு தடவை மட்டும் குரல் உடைந்தது.

“என் வீட்டுக்காரரே நேத்து கேட்டுட்டார் மேடம். ‘நிஜமாவே எடுக்கலையே’ன்னு. ஒரே தடவைதான் கேட்டார். ஆனா கேட்டுட்டார்.”

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டைரக்டர் அறுபது வயதுப் பெண்மணி. ஆஸ்பத்திரியைத் தொடங்கியவரே அவர்தான். மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்து, அதன் மேல் விரலை வைத்து, விரல் மேல் பார்வையை வைத்துப் பேசினார்.

“ஒன்பது நாள். ஒரு நாளைக்கு ரெண்டு குப்பி. மொத்தம் பதினெட்டுக் குப்பி மயக்க மருந்து. எல்லாம் நாய் வார்டுப் பெட்டியில இருந்து. எல்லாம் இந்தப் பொண்ணு பேர்ல.”

“ரெண்டு குப்பி வச்சு என்ன பண்ணலாம்?” என்றாள் அண்ணி.

“ஒரு ஆபரேஷன் பண்ணலாம். ஆனா அந்த ஒன்பது நாளும் மத்தியானம் இங்க ஆபரேஷனே கிடையாது. வெளியில போதைக்கு வித்திருக்கணும்.”

“பேர் எப்படி விழும்?”

“கட்டைவிரல் ரேகை. மருந்து எடுக்கிற ஒவ்வொருத்தரும் பெட்டியில கட்டைவிரலை வைக்கணும். கையெழுத்துன்னா போலியாப் போடலாம். கட்டைவிரலை யாரும் இரவல் வாங்க முடியாது.”

“கேமரா?”

“தாழ்வாரத்துல ஒண்ணு இருக்கு. ஒரு குரங்கு சிகிச்சைக்கு வந்தப்போ அதைத் திருப்பி விட்டுடுச்சு. அதுல இருந்து கூரையைத்தான் பார்க்குது.”

“கூரை மேல ஏதாவது சந்தேகம் வந்துச்சா?” என்றாள் மைனா.

டைரக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். “இந்தப் பொண்ணு மேல எனக்கும் பாசம் உண்டு. அதனாலதான் உங்களை உள்ள விட்டேன். நாலு மணி வரைக்கும் டைம். ஆனா ஒண்ணு, பெட்டியை ஓட்டுற புரோகிராம் பொய் சொல்லாது.”

“யார் எழுதின புரோகிராம்?”

டைரக்டரின் குரல் ஒரு படி இறங்கியது. “எங்க மாப்பிள்ளை.”

“அவரை வரச் சொல்லுங்க,” என்று அண்ணி எழுந்தாள்.

மாப்பிள்ளை வருவதற்குள் பெட்டியைப் பார்த்துவிடலாம் என்று பூனை வார்டுக்குப் போனார்கள். கூண்டுகளில் பதினேழு பூனைகள். ஒன்றுகூட இவர்களை மதிக்கவில்லை. சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, கதவில் சின்னத் திரை. இதே மாதிரி நாய் வார்டில் ஒன்று, பறவை வார்டில் ஒன்று. ஆக மொத்தம் மூன்று. பூனை வார்டும் நாய் வார்டும் எதிரெதிரே. நடுவில் பத்தடித் தாழ்வாரம். பறவை வார்டு அடுத்த கட்டடத்தில்.

நாலு மணிக்காக வரச் சொல்லியிருந்த நர்ஸும் கூட வந்திருந்தாள். அவள்தான் விளக்கினாள்.

“முதல்ல விரலை வைக்கணும். நான்தான்னு அதுக்குத் தெரிஞ்சா ‘டிங்’னு ஒரு சத்தம். கதவு திறக்கும். மருந்தை எடுத்துட்டு, என்ன மருந்து, எத்தனைன்னு திரையில போட்டு, ‘முடிந்தது’ன்னு ஒரு பொத்தான், அதை அமுக்கணும். அப்பதான் பேரோட பதிவாகும். பதிவாகலைன்னா கதவு மூடாது. கத்திக்கிட்டே இருக்கும்.”

“பொத்தானை அமுக்கும்போது மறுபடி விரல் வைக்கணுமா?”

“இல்ல மேடம். முதல்ல வச்சதே போதும்.”

“அப்ப நடுவுல நீ யாருன்னு அது ஞாபகம் வச்சுக்குது.”

“ஆமா.”

“எங்க?”

நர்ஸ் விழித்தாள். அண்ணி பெட்டியைச் சுற்றி ஒரு நடை வந்தாள், ஞாபகம் எங்கேயாவது வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

“தினம் எத்தனை மணிக்கு மருந்து எடுப்பே?”

“ரெண்டு நாற்பது. ஒன்பது வருஷமா ரெண்டு நாற்பதுதான். ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆனதில்ல.”

“திருட்டுப் பதிவெல்லாமும் ரெண்டு நாற்பதுதான்,” என்றாள் மைனா, டைரக்டர் கொடுத்த காகிதத்தைப் பார்த்து.

நர்ஸ் தலையாட்டினாள். “அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. பூனைக்கு எடுத்த கையோட எதிர் வார்டுல போய் அதையும் எடுத்துட்டேன்னு.”

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சர்ஜன். வெள்ளைக் கோட்டு, நரைத்த கிருதா, ஆபரேஷன் பண்ணிப் பண்ணிப் பழகிய நிதானமான கைகள்.

“துப்பறிய வந்திருக்கீங்களாமே,” என்றார் இனிமையாக. “ஏதாவது உதவி வேணும்னா கேளுங்க. பாவம், நல்ல பொண்ணு. வீட்டுல என்ன கஷ்டமோ.”

“கஷ்டம் எதுவும் இல்ல டாக்டர்,” என்றாள் நர்ஸ்.

“நானும் அதைத்தான் சொல்றேன்,” என்றார் சர்ஜன்.

அவருக்குப் பின்னால் ஒரு மனிதர் தட்டை ஏந்திக்கொண்டு, தரையில் கோலிக்குண்டு கிடக்கிறதோ என்று பார்த்து நடப்பவர்போல ஒவ்வோர் அடியாக வந்தார். பறவை வார்டு அட்டெண்டர். ஆஸ்பத்திரியில் அவரை ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பச்சை நிறத்தில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. சர்ஜன் திரும்பிப் பார்த்தார். அதைக் கண்டதும் சுவரோடு சுவராக ஒதுங்கி, மூக்கைப் பொத்தி, தொடர்ந்து நாலு தும்மல் தும்மினார்.

“அந்தப் பக்கம் போய்யா!” என்றார் ஐந்தாவது தும்மலுக்கு முன்னால்.

நிதானம் போனார். அதற்கே ஒரு நிமிடம் ஆயிற்று.

இரண்டு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். மடிக்கணினியைக் குழந்தைபோல் அணைத்திருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க,” என்றார் டைரக்டர். “இவங்க ஏதோ கேக்கணுமாம். தப்பா எடுத்துக்காதீங்க.”

மைனா வாழ்க்கையில் எத்தனையோ டைரக்டர்களைப் பார்த்திருக்கிறாள். மாமியார் ஆன நிமிடத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் குழைகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். படிக்க ஆரம்பித்தாள். அவள் புரோகிராம் படிப்பது சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவது மாதிரி. முகத்தில் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் ஒரு வரியைத் தொட்டாள்.

“இது யார் வச்சது?”

“நான்தான்,” என்றார் மாப்பிள்ளை. “அது இல்லாம ஓடல.”

“அண்ணி, எனக்கும் கொஞ்சம்,” என்றாள் மைனா. “வாஷிங் மெஷின் அளவுக்குச் சொன்னா போதும்.”

அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். “கிளாஸ்னா ஒரு பெட்டி எப்படி இருக்கணும்னு எழுதி வச்ச வரைபடம். அந்த வரைபடத்தை வச்சு உண்டாக்குற ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஆப்ஜெக்ட். இங்க வரைபடம் ஒண்ணு, பெட்டி மூணு, மூணையும் ஓட்டுற கம்ப்யூட்டர் ஒண்ணு. சரியா?”

“சரி.”

“ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு வேலை தெரியும். விரலைப் பார்க்கிறது ஒரு மெத்தட். எடுத்ததைப் பதியறது இன்னொரு மெத்தட். பேரை வச்சுக்கிற இடம்தான் வேரியபிள். அந்த வேரியபிளை முதல் மெத்தடுக்குள்ளேயே வச்சா, அந்த மெத்தட் முடிஞ்சதும் அதுவும் காணாமப் போயிடும். ரெண்டாவது மெத்தட் வந்து ‘யார் எடுத்தா?’ன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காது.”

“ஆமா ஆமா,” என்றார் மாப்பிள்ளை. “முதல்ல எனக்கு அப்படித்தான் ஆச்சு. அதனாலதான் ரெண்டு மெத்தடுக்கும் பொதுவா இருக்கட்டும்னு வெளியில எடுத்து வச்சேன்.”

“வெளியில எடுத்தது சரி. எவ்வளவு வெளியிலங்கிறதுதான் கேள்வி. ஒவ்வொரு பெட்டிக்கும் அதுக்குன்னு ஒரு வேரியபிள் இருந்திருக்கணும். நாய்ப் பெட்டியோட ரெண்டு மெத்தடும் நாய்ப் பெட்டியோட வேரியபிளைப் பார்த்திருக்கும். பூனைப் பெட்டி அதோடதைப் பார்த்திருக்கும். இவர் ‘ஸ்டாட்டிக்’னு ஒரு வார்த்தையை முன்னாடி போட்டுட்டார். அதைப் போட்டா வேரியபிள் எந்தப் பெட்டிக்கும் சொந்தமில்ல. வரைபடத்துக்கே சொந்தம். மூணு பெட்டிக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு.”

மைனா கொஞ்சம் யோசித்தாள். “மூணு பாத்ரூம் கட்டிட்டு, வீட்டுக்கே ஒரு டூத் பிரஷ் வாங்கின மாதிரி.”

“அதேதான்.”

“அப்ப கடைசியா யார் விரல் வச்சாங்களோ…”

“எந்தப் பெட்டியில வச்சாலும், அவங்க பேர்தான் எல்லாப் பெட்டியிலயும்.”

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. “ஆனா வீட்டுல ஓட்டிப் பார்த்தேனே! நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தப்புகூட வரல.”

“வீட்டுல எத்தனை பெட்டி வச்சு ஓட்டினீங்க?”

“ஒண்ணு.”

“ஒண்ணு இருக்கிற வரைக்கும் அது தனிச்சொத்தா பொதுச்சொத்தான்னு வித்தியாசமே தெரியாது,” என்றாள் அண்ணி. “ரெண்டாவது வந்தாதான் சண்டை.”

டைரக்டர் நம்பவில்லை. மாப்பிள்ளையை நம்புவதா, இந்த அம்மாவை நம்புவதா என்பது அவருக்குக் குடும்பப் பிரச்சினையாகவும் இருந்தது. அண்ணி அவரை நாய் வார்டுக்கு அழைத்துப்போனாள். நிதானத்தைப் பறவை வார்டுப் பெட்டி முன்னால் நிறுத்தி, மைனாவைப் போன் பிடிக்கச் சொல்லி அவரோடு அனுப்பினாள்.

“நீங்க விரல் வைங்க,” என்றாள் டைரக்டரிடம்.

டிங். நாய்ப் பெட்டி திறந்தது.

“மைனா, அவரை வைக்கச் சொல்லு.”

போனில் மைனாவின் குரல் கேட்டது. “கையைத் துடைச்சுக்கிட்டிருக்கார்… இன்னும் துடைக்கிறார்… வச்சுட்டார்.”

“இப்ப நீங்க ஒரு பஞ்சுச் சுருள் எடுத்துட்டு, முடிந்ததுன்னு அமுக்குங்க.”

டைரக்டர் அமுக்கினார். திரையில் பதிவு வந்தது. நாய் வார்டு, பஞ்சுச் சுருள் ஒன்று. எடுத்தவர்: பறவை வார்டு அட்டெண்டர்.

டைரக்டர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாழ்வாரத்தில் நின்றிருந்த நர்ஸ் உள்ளே வந்து நின்றாள்.

சத்தம் கேட்டு வந்த சர்ஜன்தான் முதலில் வாய் திறந்தார். “நான் அப்பவே நினைச்சேன். இந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லன்னு.”

“நினைச்சதை அப்பவே சொல்லியிருக்கலாமே டாக்டர்,” என்றாள், மூச்சு வாங்கத் திரும்பி வந்த மைனா.

“ஆனா ஒண்ணு பாருங்க,” என்று சர்ஜன் டைரக்டரிடம் திரும்பினார். “பதினெட்டுக் குப்பி போனது போனதுதான். பேரே தப்பா விழுதுன்னா, இங்க பெட்டியைத் திறக்கிற பதினாலு பேர்ல யார் வேணா எடுத்திருக்கலாம். யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பேசாம பெட்டியைச் சரி பண்ணிட்டு, விஷயத்தை இத்தோட விட்டுடலாம்.”

டைரக்டர் தலையசைத்தார். அது சரி என்பதுபோல்தான் இருந்தது. ஆனால் நர்ஸ் கேட்டாள்.

“அப்ப என் மேல சந்தேகம்?”

“அதான் போயிடுச்சேம்மா.”

“முழுசாப் போகலையே. பதினாலுல ஒருத்தின்னுதானே ஆச்சு?”

மணி மூன்று பத்து.

“மூணு பெட்டியோட பதிவும் எனக்கு வேணும்,” என்றாள் அண்ணி. “அந்த ஒன்பது நாளுக்கும். மயக்க மருந்து மட்டும் இல்ல. எல்லா மருந்தும்.”

காலியாக இருந்த பரிசோதனை மேஜை மேல் காகிதங்களைப் பரப்பினார்கள். மேஜையில் பெரிய நாய் ஏதோ பல்லைப் பதித்திருந்த தடம். அண்ணி பறவை வார்டுத் தாளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மைனா மற்ற இரண்டிலிருந்தும் இரண்டு நாற்பதுக்கு விழுந்த பதிவுகளைப் படித்தாள்.

“பதினெட்டாம் தேதி. பூனை வார்டு, வாந்தி மருந்து, நர்ஸ். நாய் வார்டு, மயக்க மருந்து ரெண்டு, நர்ஸ். பத்தொன்பதாம் தேதி. பூனை வார்டு…”

“நிறுத்து.” அண்ணியின் விரல் தன் தாளில் ஒரு வரியில் நின்றிருந்தது. “கிளிக்குப் பூச்சி மருந்து. ஒரு பாட்டில்.”

“வயித்துப் பூச்சிதானே? கிளிக்கு வராதா?”

“வரும்,” என்றாள் அண்ணி. பிறகு சிரித்தாள். அண்ணி சிரித்தால் அன்றைக்கு யாருக்காவது வேலை போகும்.

அண்ணி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“பேரைக் காட்டுங்க அண்ணி.”

“உனக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். முதல்ல நிதானத்தைக் கூப்பிடு.”

நிதானம் வந்தார். உட்காரச் சொன்னதும் உட்காருவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் நின்றே பேசினார்.

“பறவைகளுக்கு எத்தனை மணிக்கு மருந்து குடுப்பீங்க?”

“ரெண்டு மணிக்குக் குடுக்கணும் மேடம்.”

“குடுக்கணும். எப்பக் குடுப்பீங்க?”

“ரெண்டரை ஆகும். சில நாள் மூணு. அந்தந்த நாளைப் பொறுத்து.”

“விரல் வச்சுப் பெட்டியைத் திறந்துடுவீங்க. திறந்ததும் மருந்தை எடுத்துடுவீங்களா?”

“எங்க மேடம்? திறந்த பிறகுதான் கண்ணாடி போடலைன்னு தெரியும். கண்ணாடியைத் தேடிட்டு வந்து, பாட்டில் மேல எழுதியிருக்கிறதைப் படிச்சு, அப்புறம்…”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம்னும் வச்சுக்கலாம். பெட்டி கத்தும். கத்தட்டும்னு விட்டுடுவேன்.”

“திரையில யார் பேர் விழுதுன்னு பார்த்திருக்கீங்களா?”

“பொத்தானை அமுக்கினா கதவு மூடுதான்னு மட்டும் பார்ப்பேன் மேடம்.”

“உங்களை மாதிரி ஒருத்தர் எல்லா ஆபீஸ்லயும் இருக்கணும்,” என்றாள் அண்ணி. நிதானத்துக்கு அது பாராட்டா என்று தெரியவில்லை. போய்க்கொண்டே யோசித்தார்.

சுவரில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்கள் ஒட்டியிருந்தன. அண்ணி அதிலிருந்து ஓர் எண்ணை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மைனாவிடம் நீட்டினாள். “பூனைக்கு ஒரு ஆபரேஷன் பண்ணணும், ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் காத்திருக்கச் சொல்றாங்கன்னு கேளு.”

“நம்மகிட்ட பூனை ஏது?”

“வாஷிங் மெஷினும்தான் உன்கிட்ட கிடையாது. வித்தியா இல்லையா?”

மைனா வெளியே போய் நாலு நிமிடம் பேசிவிட்டு வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. “இது யார் நம்பர் அண்ணி?”

“இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்கோ.”

மூன்று நாற்பத்தைந்துக்கு டைரக்டர் அறையில் எல்லாரும் கூடினார்கள். டைரக்டர் மேஜைக்குப் பின்னால். மாப்பிள்ளை மடிக்கணினியோடு ஓரத்தில். நர்ஸ் கதவருகே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நிதானம் உள்ளே வந்ததும் சர்ஜன் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“டாக்டர்,” என்றாள் அண்ணி, “நீங்க பறவை வார்டுக்குக் கடைசியா எப்பப் போனீங்க?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. இறகுன்னாலே எனக்கு மூச்சு முட்டும். இங்க எல்லாருக்கும் தெரியுமே.”

“தெரியும்,” என்றார் டைரக்டர். “எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.”

அண்ணி கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். “பதினெட்டாம் தேதி. மத்தியானம் ரெண்டு நாற்பது. பறவை வார்டுப் பெட்டி. கிளிக்குப் பூச்சி மருந்து, ஒரு பாட்டில். எடுத்தவர், சர்ஜன்.”

சர்ஜன் வாய்விட்டுச் சிரித்தார்.

“இதைத்தானே மேடம் இப்ப நீங்களே நிரூபிச்சுக் காட்டினீங்க? பேர் மாறி விழுது. என் பேர் எப்படியோ அங்க போய் விழுந்திருக்கு. அவ்வளவுதான்.”

“எப்படியோ விழாது டாக்டர். ஒரே ஒரு வழிதான் இருக்கு. அந்தப் பொது வேரியபிளுக்குள்ள உங்க பேர் போகணும்னா, அந்த நேரம் உங்க கட்டைவிரல் ஏதாவது ஒரு பெட்டி மேல இருந்திருக்கணும். அதை யாரும் இரவல் வாங்க முடியாதுன்னு டைரக்டரம்மாவே சொல்றாங்க. எந்தப் பெட்டி?”

சர்ஜன் தாளை வாங்கிப் பார்த்தார்.

“பறவைப் பெட்டியைத் திறந்து வச்சுட்டு நிதானம் கண்ணாடி தேடிக்கிட்டிருந்தார். பூனைப் பெட்டிக்கு நர்ஸ் வந்துக்கிட்டிருந்தா. மூணு பெட்டிதான் இருக்கு.”

“நாய்ப் பெட்டிதான்,” என்றார் சர்ஜன் சட்டென்று. “ஏதோ தேவைக்கு எடுத்திருப்பேன். கட்டுத்துணியோ என்னவோ. தினம் எடுக்கிறதுதானே!”

“நல்லது. நாய்ப் பெட்டியில அந்த நேரத்துக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கு. கட்டுத்துணி இல்ல. மயக்க மருந்து ரெண்டு குப்பி. அது உங்களோடதுன்னு இப்ப நீங்களே சொல்றீங்க.”

சர்ஜனின் கை கோட்டுப் பொத்தானைத் தேடியது. பொத்தான் ஏற்கெனவே போட்டிருந்தது.

அண்ணி மற்றவர்களுக்காக நிதானமாகச் சொன்னாள். “இவர் நாய்ப் பெட்டியில விரல் வைப்பார். ரெண்டு குப்பியை எடுத்துப்பார். ஆனா பொத்தானை அமுக்க மாட்டார். காத்திருப்பார். எதிர் வார்டுல ‘டிங்’னு கேட்டதும் அமுக்குவார். வேரியபிள்ல அப்ப நர்ஸ் பேர் இருக்கும். இதுக்கு ஒரு நிமிஷம்கூடத் தப்பாத ஒரு ஆள் வேணும். ஒன்பது வருஷம் ஒழுங்கா வேலை பார்த்ததுதான் இந்தப் பொண்ணு செஞ்ச தப்பு.”

நர்ஸ் கண்ணை மூடித் திறந்தாள்.

“இவர் கணக்குல எடுத்துக்காத ஆள் ஒருத்தர் இருந்தார். எப்ப வருவார், எப்ப முடிப்பார்னு கடவுளுக்கே தெரியாது. டாக்டர் விரல் வச்சுட்டு நர்ஸுக்காகக் காத்திருந்த அந்த அரை நிமிஷத்துல, அடுத்த கட்டடத்துல நிதானத்துக்குக் கண்ணாடி கிடைச்சுடுச்சு. அவர் பொத்தானை அமுக்கினார். டாக்டர் பேர் கிளிக்குப் போயிடுச்சு.”

“ஒரு நாள் அப்படி நடந்தா…” என்று ஆரம்பித்தார் சர்ஜன்.

“நாலு நாள். பூச்சி மருந்து, புறாவுக்குக் கண் மருந்து, வாத்துக்கு விட்டமின், மறுபடியும் கிளி. நாலு நாளும் ரெண்டு நாற்பது. மயக்க மருந்தைத் தேடினவங்க யாரும் கிளி மருந்தைப் பார்க்கல.”

“இறகு ஆகாத மனுஷனுக்கு எவ்வளவு பறவைப் பாசம்!” என்றாள் மைனா. “அப்புறம் டாக்டர், இப்பதான் உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன். உங்க வீட்டம்மா ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூனையைக் கொண்டுவரச் சொன்னாங்க. ஆபரேஷன் வீட்டுலயே பண்ணிடுவீங்களாம். மயக்க ஊசியெல்லாம் தயாரா இருக்காம். பூனையை இப்ப இருந்தே பட்டினி போடச் சொன்னாங்க.”

டைரக்டர் எழுந்து நின்றார். “வீட்டுல ஆபரேஷனா?”

சர்ஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி பேசியபோது அந்த இனிமை குரலில் இல்லை.

“ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் நியாயமாத்தான் எடுத்தேன். அது அந்தப் பொண்ணு பேர்ல விழுந்துச்சு. பெட்டி தப்பா இருக்கு, சொல்லணும்னுதான் நினைச்சேன்.”

“அப்புறம்?” என்றாள் அண்ணி.

“அப்புறம் சொல்லல.”

போலீஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. வந்தவர்கள் நர்ஸ் எங்கே என்று கேட்டார்கள். டைரக்டர் சர்ஜனைக் காட்டினார். அவர் கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, நாற்காலி மேல் வைத்துவிட்டு அவர்களோடு நடந்தார். தாழ்வாரத்தில் நிதானம் வழிவிட்டு ஒதுங்கினார். அது முடிவதற்குள் போலீஸ்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

டைரக்டர் நர்ஸின் கையைப் பிடித்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக அவர் குரலில் குழைவு இல்லை.

“இதை இப்பவே சரி பண்ணுங்க.”

மாப்பிள்ளை மடிக்கணினியைத் திறந்தார். அந்த வரிக்குப் போனார். ஒரு சொல்லை அழித்தார். சேமித்தார்.

“முடிஞ்சுதா?” என்றாள் நர்ஸ்.

“முடிஞ்சுது.”

“அவ்வளவுதானா?”

“ஒரு வார்த்தைதான்,” என்றார் மாப்பிள்ளை. அதைச் சொல்லும்போது அவருக்கே வாய் கூசியது.

நர்ஸ் கதவை விட்டு வந்து திரைக்கு முன்னால் குனிந்தாள். “எந்த இடத்துல இருந்துச்சு?”

மாப்பிள்ளை விரலால் காட்டினார். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. பக்கத்துச் சொல் நகர்ந்துவந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டிருந்தது. பதினோரு நாள் தூங்காத கண்களால் அவள் அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ஓர் எழுத்தும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் படித்தாள்.

“மன்னிச்சிடுங்க,” என்றார் மாப்பிள்ளை. “நான்…”

நர்ஸ் நிமிர்ந்தாள்.

“எதுக்கும் இன்னொரு தடவை சேமிச்சிடுங்க,” என்றாள்.

மாப்பிள்ளை சேமித்தார்.